வேண்டாம் என்பவருக்கு மருந்து: கட்டாய மனநலச் சிகிச்சை பற்றிய வாதங்களின் மதிப்பீடு

மனநோய்க்கான மருந்தை மறுக்கும் ஒருவருக்கு, அவருடைய மறுப்பை மீறி அதைக் கொடுக்கலாமா என்ற கேள்வி, மனநல மருத்துவம் தோன்றிய நாள் முதல் அதைவிட்டு அகலாமல் தொடர்ந்து வருகிறது. கொடுத்தே ஆகவேண்டும் என்பாரும், ஒருபோதும் கூடாது என்பாரும், இன்னின்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கொடுக்கலாம் என்பாரும் தத்தம் நிலைக்குச் சான்றுகளைத் திரட்டியுள்ளனர். இவ்வாதங்களில் பெரும்பாலானவை மருத்துவமனையை, அதுவும் மேலைநாட்டு மருத்துவமனையை, மனத்தில் கொண்டு எழுந்தவை என்பதால், அவற்றை மதிப்பிடுவதற்குப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து விலகியிருக்கும் ஓர் ஊரை உரைகல்லாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை அத்தகைய ஊர். ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே சாலையும் இரயில் பாதையும் கடந்து செல்லும் இவ்வூர் தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்றது. ஒருபுறம் விவசாயக் கூலியும் மறுபுறம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளின் ஷிப்டு வேலையும் இவ்வட்டாரக் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. அரசின் பழைய மனநல மருத்துவமனை அமைந்துள்ள சென்னைக் கீழ்ப்பாக்கம் இங்கிருந்து 250 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. மாறாக, நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் மாநில எல்லையைத் தாண்டி, பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே உள்ளது. சிகிச்சையின் பாதை வேறொரு மாநிலத்துக்குள் செல்கிறது என்ற இந்த எளிய உண்மை, பின்னர் காணப்போகும் சட்டச் சிக்கல் ஒன்றுக்கு அடிப்படையாகிறது.

சுவரிலிருந்து மாத்திரைக்கு

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794இல் தோன்றியது. அது 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அக்காலத்தில் சிகிச்சை என்பது பெரும்பாலும் அடைத்துவைப்பதே. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் காவல்துறையும் நீதிபதியும் ஒருவரைக் காப்பகத்துக்கு அனுப்பும் முறையை வகுத்தது. சமூகத்தைக் காப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்ததேயன்றி, உள்ளே அனுப்பப்பட்டவரின் விருப்பம் அதில் பொருட்படுத்தப்படவில்லை.

மருந்துகளின் வரவு இந்நிலையை மாற்றியது. இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு: சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்பைத் தணிக்கிறது என்று 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர், அவ்வேரின் சாரமான ரெசர்பின் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952இல் பாரீஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் உலகின் காப்பகங்கள் பலவற்றில் இம்மருந்து புழக்கத்துக்கு வந்தது. ஆதரிப்போர் இதை விடுதலையாகக் கண்டனர். எதிர்ப்போரோ, சங்கிலியின் வேலையை இனி மாத்திரை செய்கிறது என்று கூறி, அதற்கு இரசாயன விலங்கு என்று பெயரிட்டனர். எழுபது ஆண்டுகள் கடந்தும் விவாதம் இவ்விரு முனைகளுக்கிடையேதான் நடக்கிறது.

மருந்தின் பலனும் அதன் விலையும்

கட்டாயச் சிகிச்சைக்கு ஆதரவான வாதம் மருந்தின் பலனையே அடித்தளமாகக் கொண்டது. மனச்சிதைவு என்பது இல்லாத குரல்கள் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற அசைக்கமுடியாத நம்பிக்கை, சிந்தனைக் குழப்பம் ஆகியவற்றோடு வரும் கடுமையான நோய். அதில் மருந்தைத் தொடர்வோரையும் நிறுத்துவோரையும் ஒப்பிட்ட 65 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டெஃபன் லாய்க்ட் குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டுக்குள் நோய் திரும்பியோர் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காட்டினர்; மருந்து நிறுத்தப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர். இந்த இடைவெளி எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று.

ஆயினும் ஓராண்டுக் கணக்கு வாழ்நாள் கணக்காகாது. நெதர்லாந்தில் லெக்ஸ் வூண்டரிங்க் குழுவினர், முதன்முறை நோயுற்றவர்களை ஏழாண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் மருந்தைக் குறைத்து நிறுத்த முயன்ற பிரிவில் 40 விழுக்காட்டினரும், தொடர்ந்து உட்கொண்ட பிரிவில் 18 விழுக்காட்டினரும் மீண்டெழுந்ததாகக் காணப்பட்டது. இம்முடிவு பெரும் நம்பிக்கையை விதைத்தது. ஆனால் ஹாங்காங்கில் பத்தாண்டுப் பின்தொடர்தலின் முடிவு 2018இல் வெளியானபோது, மருந்தை முன்கூட்டி நிறுத்தியவர்களின் நிலை மோசமாக இருந்தது. இங்கிலாந்தில் 2023இல் வெளியான ரேடார் ஆய்விலும், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு இரண்டாண்டுகளில் மேம்படவில்லை. நோய் திரும்புவது மட்டும் கூடியது. யாருக்கு மருந்து நெடுங்காலம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை முன்கூட்டி அறியும் வழி மருத்துவத்துக்கு இன்னும் கைவரவில்லை என்பதே இவ்வாய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் வந்தடையக்கூடிய நேர்மையான முடிவு.

மருந்தின் விலை என்பது நோயாளியின் உடல் கொடுக்கும் விலையையும் சேர்த்ததே. உடல் இறுக்கம், கை நடுக்கம், எச்சில் ஒழுகுதல், பகலிலும் விலகாத தூக்கம், எடை கூடுதல், மாதவிடாய் நின்றுபோதல், பாலுறவில் நாட்டமின்மை ஆகியவை மருந்துக்கு ஏற்ப மாறி மாறி வரும். இவை பட்டியலாகப் படிக்கும்போது சிறியனவாகத் தோன்றலாம்; ஒருவர் செய்யும் வேலையோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அவற்றின் கனம் விளங்கும். குளோர்புரோமசின் உட்கொள்பவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். நாள் முழுதும் தக்காளிக் காட்டில் குனிந்து பழம் பறிப்பவருக்கு நிழலில் இருங்கள் என்ற அறிவுரையால் பயனில்லை. லித்தியம் உட்கொள்பவர் அதிகமாக வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு நிலைக்கு ஏறக்கூடும். வார்ப்பாலையில் உலைக்கு முன்னால் நிற்பவருக்கு இது அன்றாட ஆபத்து. மற்ற மருந்துகளுக்கு வசப்படாத நோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின், இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் சில மாதங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை கோருகிறது. அன்றாடக் கூலிக்காரர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். இரவு ஷிப்டுக்குச் செல்பவர் இரவு மாத்திரையை எப்போது போடுவது என்பது கூடத் தீர்த்துவைக்கப்பட வேண்டிய கேள்விதான்.

இவற்றிலும் நுட்பமான ஒன்று, அகத்தீசியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் உள்தவிப்பு. ஓரிடத்தில் உட்கார முடியாமல், படுக்கவும் முடியாமல், கால்கள் தாமாக நடக்கத் துடிக்கும் இந்நிலை மருந்தாலேயே உண்டாவது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது நோய் முற்றியதாகத் தோன்றும். மருந்தின் அளவு கூட்டப்படும்; தவிப்பும் கூடும். நோயாளி மாத்திரையைத் துப்பினால், தனக்கு நோய் இருப்பதை அறியாததன் அறிகுறியாக அது குறிக்கப்படும். மறுப்பில் ஒரு பகுதி நோயின் குரல் என்பதை மறுக்க இயலாது. இன்னொரு பகுதி உடலின் நியாயமான முறையீடு. இரண்டையும் பிரித்தறியாமல் ‘மருந்துக்கு ஒத்துழையாதவர்’ என்ற ஒற்றைப் பெயரில் அடக்கிவிடுவது, கட்டாயத்தை ஆதரிக்கும் மருத்துவ எழுத்துகளின் பெரிய குறை.

‘பின்னர் நன்றி சொல்வார்’ என்ற வாதம்

அமெரிக்க மனநல மருத்துவரும் சட்ட அறிஞருமான ஆலன் ஸ்டோன் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இன்று எதிர்ப்பவர், தெளிவு பெற்றபின், தம்மைக் கட்டாயப்படுத்தியதற்காக நன்றி சொல்வார் என்றால் அக்கட்டாயம் நியாயமானது. குடும்பத்தார் பலரும் மனத்தளவில் நம்புவதும் இதையே. இதைச் சோதித்த ஆய்வுகளைக் கிறிஸ்டினா கட்சாகூவும் ஸ்டெஃபன் பிரீபும் 2006இல் தொகுத்தபோது, தம்மைக் கட்டாயமாகச் சேர்த்தது சரியே என்றோ, சிகிச்சை பலனளித்தது என்றோ பின்னாளில் கருதியவர்களின் அளவு ஆய்வுக்கு ஆய்வு 33 முதல் 81 விழுக்காடு வரை வேறுபட்டது. ஆக, ஸ்டோன் சொன்ன நன்றி கற்பனையன்று. அது எல்லோரிடமிருந்தும் வருவதுமில்லை. நன்றி சொல்லாதவரை முன்கூட்டி இனங்காண வழியில்லாதபோது, இவ்வாதம் தனித்து நின்று கட்டாயத்தைத் தாங்காது.

1990களில் அமெரிக்காவில் நடந்த மெக்ஆர்தர் ஆய்வுகள் இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் காட்டின. சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர் எல்லோரும் தாம் ஒடுக்கப்பட்டதாக உணர்வதில்லை. தாமாக வந்ததாகப் பதிவானவர் சிலர் அவ்வாறு உணர்கின்றனர். தம்மிடம் பேசினார்களா, தம் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, ஏமாற்றாமல் நடந்துகொண்டார்களா என்பவையே அவ்வுணர்வைப் பெரிதும் தீர்மானித்தன. இந்திய மருத்துவர்களும் இப்பொருளில் கருத்துச் செலுத்தியுள்ளனர். மனநல மருத்துவத்தில் வற்புறுத்தலைக் குறைப்பது பற்றிய மைசூர்ப் பிரகடனம் 2013இல் வெளியானது. மருத்துவமனைக்கு வெளியே கட்டாயத்தை நீட்டிப்பதன் பலனோ ஐயத்துக்குரியதாகவே உள்ளது. வீட்டில் இருப்பவரைச் சட்ட ஆணையால் சிகிச்சைக்கு உட்படுத்தும் முறையை இங்கிலாந்தில் சோதித்த ஆக்டெட் ஆய்வில், ஆணைக்கு உட்பட்டோரிலும் உட்படாதோரிலும் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் ஒரே அளவாக, 36 விழுக்காட்டினராகவே இருந்தனர்.

முற்றாக மறுப்போர்

மனநல மருத்துவரான தாமஸ் சாஸ் 1961இல் மனநோய் என்பதே ஒரு கட்டுக்கதை என்று எழுதினார். நோயின் உண்மையை மறுத்ததால் அவருடைய வாதம், தீராத வேதனையில் உழல்பவரின் குடும்பத்துக்குச் சொல்ல எதுவுமற்றதாகப் போனது. இத்தாலிய மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியாவின் வழி வேறு: நோயை மறுக்காமல் காப்பகத்தை மட்டும் மறுத்து, 1978இல் அதை மூடும் சட்டத்துக்கு வித்திட்டார்.

இன்றைய மறுப்பின் வலுவான வடிவம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து வருகிறது. 2006இல் நிறைவேறிய இதை இந்தியா 2007இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 12ஆம் உறுப்பை விளக்கிய குழு, 2014இல், மனநோயின் பெயரால் ஒருவரின் முடிவெடுக்கும் உரிமையைப் பிறரிடம் ஒப்படைப்பதே கூடாது; முடிவெடுக்க அவருக்குத் துணைதான் தரவேண்டும் என்றது. புணேயில் பாப்பு அறக்கட்டளையை நிறுவிய பார்கவி தாவர், சிகிச்சைக்கு உட்பட்டவர்களின் அனுபவமே இத்துறையின் முதன்மை அறிவு என்று வாதிட்டு, இந்நிலையை இந்தியாவில் உரக்க ஒலிக்கச் செய்தார்.

அறநோக்கில் இவ்வாதம் உறுதியானது. நடைமுறையில் அதற்கு இரண்டு இடர்கள் உள்ளன. பல நாள் உணவும் நீரும் மறுத்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு என்ன துணை தருவது என்பதற்கு அதனிடம் தெளிவான விடையில்லை. அடுத்தது, துணை தருவதற்கு ஆள் வேண்டும். 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறாமல் இருப்பதைக் காட்டியது. பேச்சுவழிச் சிகிச்சையும் பகல்நேரப் பராமரிப்பு இல்லமும் கைக்கெட்டாத ஊரில், மருந்தை மறுக்கும் உரிமை என்பது தனித்து விடப்படும் உரிமையாகச் சுருங்கிவிடக் கூடும்.

2017ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லைக்கோடும்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நாட்டின் அன்றைய மனநலச் சட்டம் வெறும் ஏட்டில் இருந்த நிலை அம்பலமானது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அப்பழைய நிலையிலிருந்து உண்மையாகவே விலகியது. சங்கிலியிடுவதை அது தடைசெய்தது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் தடைசெய்தது. ஒருவரின் முடிவு பிறருக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடமாட்டார் என்று அதன் 4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

கட்டாயச் சேர்க்கையை இச்சட்டம் துணையுடன் கூடிய சேர்க்கை என்று மாற்றியமைத்தது. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச அவரே தேர்ந்தவரோ அப்படி ஒருவர் இல்லாதபோது உறவினரோ, விண்ணப்பிக்க வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். சேர்க்கைக்கு 30 நாள் வரம்பு உண்டு. ஏழு நாள்களுக்கு ஒருமுறை நோயாளியின் முடிவெடுக்கும் திறன் மீண்டும் கணிக்கப்பட வேண்டும். பெண்ணோ சிறாரோ சேர்க்கப்பட்டால் மூன்று நாள்களுக்குள்ளும், மற்றவர்களானால் ஏழு நாள்களுக்குள்ளும், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே, நோயுற்றால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது கூடாது என்று எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணத்துக்கும் இச்சட்டம் இடம் தந்தது.

எல்லைப்புற மாவட்டத்தில் இவ்வேற்பாடு தடுமாறும் இடங்கள் உண்டு. மறுஆய்வு வாரியங்கள் மாநிலந்தோறும் அந்தந்த மாவட்டங்களுக்கென அமைபவை. ராயக்கோட்டையிலிருந்து பெங்களூரில் சேர்க்கப்படுபவரின் முறையீட்டைக் கேட்க வேண்டியது கர்நாடக வாரியம். அவர் வீடு திரும்பியபின் மருந்தைத் தொடர வேண்டியது தமிழ்நாட்டின் மாவட்ட மனநலத் திட்டம். ஓசூரில் தனித்துத் தங்கி வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளி ஒருவர் நோயுற்றுத் தெருவில் அலைந்தால், 24 மணி நேரத்துக்குள் அவரைப் பொது மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச்செல்வது காவல்துறையின் கடமை. உறவினர் இல்லாதபோது சமூகநலத் துறை இயக்குநரே பிரதிநிதியாகலாம். ஏட்டில் இது நிறைவானது. ஆனால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கியபின் கேட்கப்படும் சம்மதமே சம்மதம் என்னும் சட்டத்தை, அவர் மொழி அறிந்தவர் இல்லாத மருத்துவமனை எப்படி நிறைவேற்றும்?

வீட்டுக்குள் நடப்பது

கட்டாயம் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறிய இடம் வீடு. நம் நாட்டில் மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு 1957இல் பாகாயத்தில் தொடங்கியபோது, குடும்பத்தார் நோயாளியோடு தங்குவதையே அடிப்படையாகக் கொண்டது. உலகம் வியந்த முன்மாதிரி அது. ஆனால் குடும்பமே செவிலியாகும் இடத்தில் குடும்பமே காவலாளியாகவும் ஆகிவிடுகிறது.

நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது இதன் பரவலான வடிவம். சென்னையில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டி.என். ஸ்ரீனிவாசனும் ஆர். தாராவும் 2002இலேயே இதை ஆராய்ந்து எழுதினர். நிறமும் சுவையுமற்ற சொட்டு மருந்து காப்பியிலோ குழம்பிலோ கலக்கப்படுகிறது. மாத்திரை பொடியாக்கப்பட்டுச் சோற்றில் பிசையப்படுகிறது. செய்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. அடிதடி, காவல் நிலையம், வேலையிழப்பு என எல்லாம் நடந்து முடிந்தபின், வேறு வழியின்றி அவர் செய்வது இது. மாதக்கணக்கில் தூங்காத வீட்டில் அமைதி திரும்புவதை எளிதாகக் குறைகூறிவிட முடியாது.

இருப்பினும் இதன் கேடுகள் மெய்யானவை. தமக்கு மருந்து கொடுக்கப்படுவதை அறியாதவர் தமக்கு ஏன் கை நடுங்குகிறது, ஏன் உடல் பெருக்கிறது என்பதையும் அறியமாட்டார். அறியாமலே அவர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். என்றாவது உண்மை தெரியவரும்போது, உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அவருடைய பழைய அச்சம், நோயின் கற்பனை என்று எல்லோரும் ஒதுக்கிய அச்சம், மெய்யாகிவிடுகிறது; அதன்பின் அவ்வீட்டில் அவர் உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஐயத்துக்குரியதே. மருத்துவமனையில் ஏழு நாளுக்கு ஒருமுறை திறனைக் கணிக்கச் சொல்லும் சட்டம், இதே செயலை ஆண்டுக்கணக்கில் செய்யும் சமையலறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் இதை அறிந்தே எழுதுவதும் உண்டு. இதைக் குற்றமாக்குவது குடும்பங்களை இன்னும் மறைவுக்குள் தள்ளும். இப்படியே விடுவது நோயாளியை என்றென்றும் ஏமாற்றுக்கு உட்படுத்தும்.

வழிபாட்டிடங்களில் நடப்பதும் இதனோடு தொடர்புடையது. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டபோது, அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு தணிந்திருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அங்கு அவர்கள் கட்டிவைக்கப்படவில்லை, எளிய கோயில் பணிகளைச் செய்தனர், குடும்பத்தார் உடனிருந்தனர். அதே ஆண்டுகளில்தான் ஏர்வாடியில் சங்கிலிகள் இருந்தன. ஓரிடத்தின் தன்மையைத் தீர்மானிப்பது அங்கு மருந்து தரப்படுகிறதா, திருநீறு தரப்படுகிறதா என்பது மட்டுமன்று என்பதற்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே போதும்.

தீராதிருப்பவை

கட்டாயம் முற்றிலும் தேவையற்றது என்ற நிலைக்கு இன்றுள்ள சான்றுகள் இடம் தரவில்லை. இன்று நடைமுறையில் உள்ள அளவுக்குத் தேவை என்பதற்கும் அவை இடம் தரவில்லை. நோயாளியைக் கேட்டு, ஏமாற்றாமல், குறுகிய காலத்துக்கு மேற்கொள்ளப்படும் கட்டாயம் குறைந்த தழும்பையே விட்டுச்செல்வதாகத் தோன்றுகிறது. முன்விருப்ப ஆவணம் இதற்குச் சிறந்த கருவியாக அமையலாம்; அதைச் சென்னையில் ஆராய்ந்தவர்கள் நோயாளிகளிடம் அதற்கு வரவேற்பு இருந்ததைக் கண்டனர். ஆனால் எழுதப் படிக்க அறியாத விவசாயக் கூலி ஒருவருக்கு அதை எழுதித்தருபவர் யார், எல்லை தாண்டிய மருத்துவமனையில் அதை எடுத்துக்காட்டுபவர் யார் என்பவை தீராதவை.

மேலும் ஒரு வினா, மருந்தை நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையிலானது. பிணியாளர்களில் பலர் கேட்பது முழு விடுதலையையன்று; இரவு வேலைக்குப் போகும் அளவுக்கு மாத்திரையைக் குறைத்துத் தாருங்கள் என்பதையே. சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் இன்றியமையா மருந்துகள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. அம்மருந்தை ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் மெல்லக் குறைத்துப் பார்க்கும் வசதியை அது உரிமையாகக் கூறவில்லை. எவ்வளவு காலத்தில், எந்த அளவில் குறைப்பது என்பதில் மருத்துவர்களிடையேயும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.